ராத்திரியில் பல் விளக்கும் டிரைவர்

படுக்கப் போகுமுன் ஒரு மனிதர் பல்லைச் சுத்தமாக விளக்குகிறார். வாயைக் கொப்பளிக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பருக்கையைக்கூட வாயில் போடாமல் தூங்குகிறார். அப்படியிருந்தும் விடிந்து எழுந்தால் அவர் வாய் ஏன் நாறுகிறது?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் இலுப்பூர்க் கடைவீதியில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அன்று இதற்குப் பதில் தெரியவில்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரிந்த மாதிரி எல்லாரும் பேசினார்கள். அந்தப் பேச்சில் ஒரு மனிதரின் கையைவிட்டு ஸ்டியரிங்கே போக இருந்தது. அவர் பெயர் ஆண்டிச்சாமி.

ஆண்டிச்சாமி பிறந்தது கீரனூருக்குக் கிழக்கே, மழை பெய்தால் மட்டும் பச்சையாகத் தெரியும் ஒரு சிற்றூரில். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடியபோது, கிளீனராக வேலைக்குச் சேர்ந்தார். பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு டிரம் இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, பக்கத்திலிருக்கும் விசிறியைக் கை ஓயச் சுற்ற வேண்டும். உள்ளே வாயு சேர்ந்து, இன்ஜினுக்குப் போய், பஸ் ஒரு இருமல் இருமினால்தான் டிரைவர் பீடியைக் கீழே போடுவார். பஸ் இருமுவதற்கு முன்னால் கிளீனர் போதுமென்ற மட்டும் இருமி முடித்திருப்பான்.

அந்த நாளில் ஆண்டிச்சாமி மூக்கைச் சிந்தினால் மை மாதிரி வரும். "தொட்டு எழுதலாம்டா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். யுத்தம் முடிந்தது, பெட்ரோல் வந்தது, டிரம்மைக் கழற்றிப் போட்டார்கள். ஆண்டிச்சாமி வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி, டிரைவராகவும் ஆனார். மூக்கு மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. பகலில் ஒரு பக்கம் அடைத்திருக்கும். படுத்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அவர் வாயைத் திறந்து போட்டுத் தூங்குவதைப் பார்த்து அவர் மனைவி செவந்தி சொல்வாள்: "ஈ உள்ள போயிக் குடித்தனம் நடத்திட்டு வந்தாலும் ஒங்களுக்குத் தெரியாது."

கேலியாகச் சொன்னது. அதற்குள்தான் விஷயமே இருந்தது என்று அப்போது அவளுக்கும் தெரியாது.

ஆண்டிச்சாமி வேலை பார்த்தது அடைக்கப்பன் செட்டியாருடைய பஸ் கம்பெனியில். செட்டியார் திருமயம் பக்கத்து ஊர்க்காரர். கம்பெனிக்காக இலுப்பூரில் வீடு எடுத்து, மனைவி கண்ணம்மை ஆச்சியோடு இருந்தார். கருக்கலில் இலுப்பூரில் கிளம்பி, கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் முதல் பஸ் ஆண்டிச்சாமியுடையது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரிகள் எல்லாரும் அதை நம்பித்தான் இருந்தார்கள்.

ஊரைத் தாண்டினால் ஒரு கண்மாய்க்கரை. கரைமேல் வளைந்து போகிறது ரோடு. வளைவில் கருப்பர் கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது, நட்டு வைத்த அரிவாளும் ஒரு கல்தூணும்தான். ஸ்டியரிங் பிடித்த புதிதில், ஒரு ஐப்பசி அடைமழையில், ஆண்டிச்சாமியின் வண்டி அந்த வளைவில் வழுக்கியது. பிரேக் பிடிக்கவில்லை. கண்மாய் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஜனங்கள் கத்துகிறார்கள். வண்டி தண்ணீரைப் பார்த்துச் சரிந்துபோய், அந்தக் கல்தூணில் சாய்ந்து நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இறங்கின வேகத்தில் ஆண்டிச்சாமி அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டார். இனி எந்நாளும் பல்லில் பச்சைத் தண்ணி படாமல்தான் முதல் வண்டியை எடுப்பேன், கருப்பர் முன்னால் இறங்கி விழுந்து கும்பிட்ட பிறகுதான் வாய் கொப்பளிப்பேன் என்று. அன்றைக்கு வாயில் வந்த வார்த்தை அது. வந்ததைக் காப்பாற்ற வேண்டுமே.

வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பல் விளக்காத வாயோடு சாமி முன்னால் நிற்கலாமா? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ராத்திரியே விளக்கிவிட்டால்? அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். உமிக்கரியும் உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்த பொடி, ஒரு சின்னத் தகர டப்பாவில். ஒவ்வொரு பல்லாக, கன்றைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்ப்பார்.

இப்போது நகரத்தில் ராத்திரியிலும் பல் விளக்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அந்த நாளில், எங்கள் பக்கத்தில், பொழுது சாய்ந்த பிறகு பல் விளக்குகிற ஒரு ஜீவனைக் காட்ட முடியாது. காலையில் வேப்பங்குச்சி, அதோடு சரி. அதனால் ஆண்டிச்சாமி கிணற்றடியில் உட்கார்ந்து தேய்ப்பதைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். யோசித்ததுதான் கெடுதல்.

மதுவிலக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுகிறவர்கள் காய்ச்சினார்கள், குடிக்கிறவர்கள் குடித்தார்கள். அந்தச் சமயத்தில் வேறொரு கம்பெனி பஸ் எங்கேயோ பாலத்திலிருந்து கவிழ்ந்தது. டிரைவர் குடித்திருந்தானாம். செட்டியார் பயந்துபோனார். இனி காலையில் வண்டி எடுக்குமுன் ஒவ்வொரு டிரைவரும் வாயை ஊதிக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். மோந்து பார்க்கிற பொறுப்பைச் செக்கர் ஆத்மநாதனிடம் கொடுத்தார்.

ஆத்மநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்ற தாய் காய்ச்சிய பாலிலும் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிற ஆள். தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பி, "ஒனக்கு வயசு என்ன?" என்று கேட்டு அரை டிக்கெட் போட வைப்பார். மூக்குப்பொடி போடும் பழக்கம் உண்டு. இந்த வேலைக்கு மூக்கு சுத்தமாக இருக்க வேண்டுமென்று பொடியை விட்டார். ஆசையை விட்ட கோபமும் சேர்ந்துகொள்ள, அவர் மூக்கு இன்னும் கூர்மையானது.

முதல் நாளே ஆண்டிச்சாமி ஊதியதும் செக்கர் ஒரு அடி பின்னால் போனார்.

"என்னய்யா இது, புளிச்ச வாடை?"

"ஒண்ணுமில்லைங்க."

"கிராம்பு வாடை வேற வருது. கிராம்பை எதுக்குய்யா மெல்லுறான் மனுசன்?"

"மெல்லலைங்க. பல்பொடியில கிடக்குங்க."

"பல் வெளக்கிட்டா வர்றே?"

"ராத்திரி வெளக்குனதுங்க."

ஆத்மநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரி எவன்யா பல் வெளக்குவான்? சரி, அந்தா தொட்டியில தண்ணி கிடக்கு. கொப்பளிச்சிட்டு மறுபடி ஊது."

"அது முடியாதுங்க. கருப்பருக்கு வேண்டுதல் இருக்குங்க."

"சரிதான்!" என்றார் செக்கர். "வாயும் புளிக்குது, கிராம்பும் மணக்குது, தண்ணியும் தொடமாட்டான். கேட்டா சாமி மேல பழி. குடிகாரன் சொல்ற கதைக்கும் இதுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

அன்றைக்கு நேரமாகிவிட்டதால் வண்டியை எடுக்கவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் கண் ஆண்டிச்சாமியின் முதுகிலேயே இருந்தது. தினமும் காலையில் ஊது. தினமும் அதே புளிப்பு. ஆண்டிச்சாமி நியாயம் சொல்லச் சொல்ல அது அவருக்கு எதிராகவே திரும்பியது. சுத்தமாக விளக்குகிறேன் என்றால், எதை மறைக்க என்று கேட்டார்கள். தண்ணீர் தொடமாட்டேன் என்றால், தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார்கள். கிராம்பை விட்டுவிட்டு வெறும் உமிக்கரியில் தேய்த்தார். "பயந்துபோயிக் கிராம்பை விட்டுட்டான் பாத்தியா" என்றார்கள்.

கடைவீதியில் ஒரு சொல் கிளம்பிவிட்டது. எவனாவது அதிகமாக யோக்கியன் வேஷம் போட்டால், "ராத்திரியில பல் வெளக்குற ஆளப்பா இவரு" என்று சொல்லிக் கண்ணடிப்பார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. செவந்தியின் அப்பா குடித்துக் குடித்தே குடல் வெந்து செத்தவர். "மாப்பிள்ளை குடிக்கமாட்டார்" என்ற ஒரே வார்த்தைக்காகத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். இப்போது ஊர்ப்பேச்சு அவள் காதுக்கு வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆண்டிச்சாமி விழித்தெழும்போதெல்லாம் அவள் முகம் தன் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கவனித்தார். ஆசையாகப் பக்கத்தில் வருகிறாள் என்று முதல் நாள் நினைத்தார். இரண்டாம் நாள் அவள் மூக்கு விரிவதைப் பார்த்துவிட்டார்.

"நீயுமா, புள்ள?"

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாறுதுங்க. எங்கப்பன் வாய் மாதிரியே இல்ல. ஆனா நாறுதுங்க. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"எனக்கே தெரியலையே. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"ஒரு வாய் தண்ணி கொப்பளிச்சிட்டுப் போங்களேன். சாமி மன்னிக்கும்."

"சாமி மன்னிக்கும். வண்டி மன்னிக்குமா? அந்த வளைவுல பிரேக் நிக்கலைன்னா, உள்ள இருக்கிற சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

செவந்தி பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஆண்டிச்சாமிக்குள் ஒன்று புகுந்துவிட்டது. தன் வாயில் தானே கையைக் குவித்து ஊதிப் பார்த்தார். உண்மைதான், புளிப்பு. குடிக்கவில்லை. விளக்கியாகிவிட்டது. பிறகு எங்கிருந்து வருகிறது? யாரோ ஏதோ செய்கிறார்கள்!

முதலில் சோற்றைச் சந்தேகப்பட்டார். ராத்திரி சோற்றில் செவந்தி ஏதாவது வசிய மருந்து கலக்கிறாளோ? மருந்து வைத்தால் வயிறு புளிக்கும், வாய் நாறும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு ராத்திரி சாப்பிடாமலே படுத்தார். விடிந்ததும் ஊதிப் பார்த்தால் முன்னைவிட மோசம். அடுத்துக் கிணற்றைச் சந்தேகப்பட்டார். வேறு தெருக் கிணற்றில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொப்பளித்தார். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் பல்பொடி டப்பாவின்மேல் சந்தேகம் வந்தது. டப்பா கிணற்றடி மாடத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் எதையும் கலக்கலாம். கலந்தால் யாருக்கு லாபம்? யோசித்ததும் கண்ணுசாமியின் முகம் வந்து நின்றது. ஆண்டிச்சாமி வண்டியின் கண்டக்டர் அவன். போன வருஷம்தான் டிரைவர் லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தான். ஆண்டிச்சாமி இறங்கினால் ஏறப்போகிறவன் அவன்தான்.

அன்றிலிருந்து டப்பாவைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்ணுசாமி டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பதில்லை. "ஏண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. பஸ் ஓடுகிறபோதும் முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மாட்டுவண்டியில் மோதப் பார்த்தார்.

அது செட்டியார் காதுக்குப் போய்விட்டது. குடிபோதையில்தான் மோதப் பார்த்தார் என்றே போயிருக்கும். செட்டியார் கூப்பிட்டனுப்பினார்.

"ஆண்டி, நீ நல்லா ஓட்டுற ஆளு. அத நான் மறுக்கலை. ஆனா தெனமும் செக்கர் ஒரே சேதியத்தான் சொல்றாரு. சனங்க உசுரு என் பேருல ஓடுதப்பா. வெள்ளிக்கிழமை காலையில சாவிய என்கிட்டக் குடுத்துரு, இனி கண்ணுசாமி ஓட்டட்டும். ஒர்க்ஷாப்புல சக்கரம் கழட்டுற வேலை இருக்கு, பாத்துக்க."

"மொதலாளி, எங்க ஆத்தா மேல சத்தியமாக் குடிக்கலைங்க."

"குடிக்கிறவன் எவன்ப்பா குடிச்சேன்னு சொன்னான்?"

ஆண்டிச்சாமி வெளியே வந்து பஸ்ஸைப் பார்த்தார். கரி அள்ளிப்போட்டு அவர் உயிரைக் கொடுத்த வண்டி அது. டிரம் இருந்த இடத்தில் திருகாணித் தழும்புகள் இன்னும் தெரிந்தன. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சொத்து பத்து கிடையாது. "டிரைவர்" என்று ஊர் கூப்பிடுகிற ஒரு சொல்தான் அவரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதுவும் இருக்காது.

வியாழக்கிழமை அவர் கடைசியாகத் திருச்சிக்கு ஓட்டினார். சாயங்காலம்வரை வண்டி அங்கேதான் நிற்கும். மத்தியானம் செவந்தி கட்டிக் கொடுத்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டார். பிறகு, இருந்த மனவேதனையில், பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் உட்கார்ந்து இடுப்பு டப்பாவைத் திறந்து அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பல் ஒவ்வொன்றும் பளபளத்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின் சீட்டில் துண்டை விரித்துப் படுத்தார். பல நாளாகத் தூங்காத தூக்கம். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

விழித்தபோது முகத்தில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில் ஒரு நீண்ட மூக்கு. மூக்குக்குப் பின்னால் ஆத்மநாதன்.

"ஊது!" என்றார் செக்கர்.

தூக்கக் கலக்கத்தில் ஆண்டிச்சாமி ஊதினார்.

"புளிக்குது!" செக்கர் துள்ளினார். "அதே வாடை! சொல்லு, எப்ப குடிச்..."

கேள்வி பாதியில் நின்றுவிட்டது. ஆத்மநாதன் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தார். குழாயடியைப் பார்த்தார். மறுபடி ஆண்டிச்சாமியின் வாயைப் பார்த்தார். அவர் முகம் ஏதோ கணக்கைத் தப்பாகப் போட்டவர் முகம் மாதிரி ஆயிற்று. அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கண்ணுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, காலையில நம்ம வண்டிக்குப் பின்னாடியே அடுத்த வண்டியில வந்திருக்காரு. டீக்கடையில பேப்பரை மூஞ்சிக்கு நேரா விரிச்சுக்கிட்டு ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாருண்ணே!"

ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "நீதான வரச் சொன்னே?"

"நானா?" கண்ணுசாமியின் சிரிப்பு போய்விட்டது. "ஏண்ணே, இடுப்புல டப்பாவக் கட்டிக்கிட்டு அலையிறீங்களே, அதுவும் என்மேல சந்தேகப்பட்டுத்தானா?"

ஆண்டிச்சாமி இடுப்பு டப்பாவைக் கையால் மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்குண்ணே. தூங்கி எந்திரிச்சா எனக்கும்தான் வாய் நாறுது. எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் நாறுது. நாங்க காலையில குச்சியப் போட்டுத் தேச்சுட்டு வாரோம், நீங்க தேய்க்கல. விடிஞ்சதும் ஒங்க வாய் மட்டும் மல்லியப்பூவா மலரணுமா?"

ஆண்டிச்சாமிக்கு அந்தச் சொல் எங்கேயோ தைத்தது. ஆனால் தைத்ததை நினைக்கவிடாமல் வேறொரு பயம் வந்துவிட்டது. செக்கர் இங்கேயே வந்து மோந்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்குச் செட்டியாரிடம், "திருச்சியிலேயே குடித்துவிட்டுப் படுத்திருந்தான், என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லப்போகிறார். அதற்குப் பிறகு சக்கரம் கழற்றுகிற வேலைகூடக் கிடையாது.

வெள்ளிக்கிழமை கருக்கலில் சாவியோடு செட்டியார் வீட்டு வாசலில் நின்றார். செவந்தியும் கூட வந்திருந்தாள். அவள் ஏன் வந்தாள் என்று அவர் கேட்கவில்லை. ஆத்மநாதன் ஏற்கெனவே வந்து ஓரமாக நின்றிருந்தார். செட்டியார் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். பின்னால் கண்ணம்மை ஆச்சி, அவருக்கு முகம் கழுவச் செம்பில் தண்ணீரோடு.

"செக்கரே, நேத்துத் திருச்சிக்குப் போனீங்களாமே? என்ன பாத்தீங்க?" என்று கேட்டார் செட்டியார்.

ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தேனுங்க," என்றார் ஆத்மநாதன். "சாப்புட்டாரு. பல் வெளக்குனாரு. படுத்தாரு. நான் கண்ணக்கூடச் சிமிட்டலைங்க. ஒரு ஆளு பக்கத்துல வரலை. எந்திரிச்சதும் ஊதச் சொன்னேன். நாறுச்சுங்க."

"அப்பறம் என்ன?"

"ஆனா குடிக்கலைங்க."

ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பிடின்னு எனக்குத் தெரியலைங்க," என்றார் செக்கர். அவர் குரலில் ஒரு எரிச்சல் இருந்தது. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன், புலப்படலை. ஆனா தூக்கத்துலதான் அந்த வாடை வருது. அவரு வாயில எதுவும் போடலை, அது என் கண்ணு கண்டது. சந்தேகப்படுறது என் வேலைங்க. பொய் சொல்றது என் வேலையில்லை."

செட்டியார் தாடையைத் தடவினார். "பல் வெளக்கிட்டுப் படுத்தவன் வாயி எப்பிடிய்யா நாறும்? எனக்கு நம்பிக்கை வரலையே."

அப்போதுதான் செவந்தி வாயைத் திறந்தாள். செட்டியாரிடம் இல்லை, ஆச்சியிடம். "ஆச்சி, நான் கேக்குறது தப்புன்னா மன்னிச்சிருங்க. மொதலாளி தூங்கி எந்திரிச்ச வாக்குல அவுக வாயி எப்பிடி இருக்கும்?"

  ஒர்க்ஷாப் வேலையும் போயிற்று என்று ஆண்டிச்சாமி நினைத்துக்கொண்டார்.

ஆச்சி செம்பைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தே விட்டார். "இத்தனை வருசத்துல என்னைய ஒருத்தரும் இதக் கேக்கலையே! செக்கரே, ஒங்க மூக்கத்தான் எல்லாரும் மெச்சுறாக. இந்தா, இப்பத்தான் எந்திரிச்சு வந்து நிக்கிறாக. இவுகளையும் ஒரு ஊது ஊதச் சொல்லிப் பாருங்க."

"ஏ ஆச்சி!" என்று செட்டியார் அதட்டினார். அதட்டினதில் காற்று நேராக ஆத்மநாதன் முகத்துக்குப் போயிற்று.

செக்கர் ஒரு அடி பின்னால் போனார். முதல் நாள் ஆண்டிச்சாமிக்குப் போன அதே ஒரு அடி. வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. செட்டியார் அவரைப் பார்த்தார், ஆண்டிச்சாமியைப் பார்த்தார், தன் கையைக் குவித்துத் தானே ஊதிப் பார்த்தார். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

"சாவிய நீயே வச்சுக்க," என்றார் செட்டியார். அப்புறம் செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனார்.

சந்தேகம் அவ்வளவு சுலபமாக விடுமா? செட்டியார் ஆண்டிச்சாமியைத் திருச்சியில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் அனுப்பி, எழுதி வாங்கி வரச் சொன்னார். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கரிக்கடையில் இருந்தீர்?" என்று கேட்டாராம். பிறகு விளக்கமாகச் சொன்னார். ஆண்டிச்சாமி அதைக் கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறவன் பாஷையில் செவந்திக்குச் சொன்னார். செவந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எச்சில்தான் நம்ம வாய்க்குத் தண்ணிப் பாய்ச்சல், புள்ள. முழிச்சிருக்கிறப்போ ஊறிக்கிட்டே இருக்கும், அழுக்கக் கழுவிக்கிட்டே இருக்கும். தூங்குனா மடையை அடைச்ச மாதிரி நின்னுபோகும். கண்ணுக்குத் தெரியாத கிருமி நாக்குலயும் ஈறுலயும் எந்நேரமும் இருக்குமாம். நாம தேச்சது போக மிச்சம் இருந்தாப் போதும், விடியிறதுக்குள்ள பெருகிப்போகும். அதுதான் அந்த வாடை. எல்லாத்துக்கும் உண்டாம். எனக்கு மூக்கு அடைச்சு வாயால மூச்சு விடுறதுனால, கிடக்கிற ஈரமும் காஞ்சு கூடுதலாப் போச்சு. அப்பறம், பல்ல மட்டும் தேச்சியே, நாக்க வழிச்சியான்னு கேட்டாரு. இல்லைன்னேன்."

"ராத்திரி வெளக்குனது வீண்தானா அப்ப?"

"வீண் இல்லையாம். பல்லு நெலைக்குமாம். வாடைக்கு மட்டும்தான் அது காவல் இல்ல."

டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் செட்டியார் படித்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தார். குடித்தவன் எத்தனை கொப்பளித்தாலும் உள்ளே போனதன் வாடை மூச்சில் வந்தே தீரும். வெறும் தூக்க வாடை கொப்பளித்தால் குறைந்துபோகும். ஆகவே ஆண்டிச்சாமி வண்டி கிளம்புகிற ஷெட்டில் ஊத வேண்டாம். வண்டி கருப்பர் கோயிலில் நிற்கும். கும்பிடட்டும், கொப்பளிக்கட்டும், நாக்கை வழிக்கட்டும், அங்கே ஊதட்டும். அதுவரை செக்கர் முன் சீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து வர வேண்டும், இடையில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள.

அப்படியே நடந்தது. கருக்கலில் பஸ் கண்மாய்க்கரையில் நிற்கும். டிரைவர் இறங்கிக் கும்பிட்டு, கொப்பளித்து, திரும்பி நின்று ஊதுவார். செக்கர் மூக்கை நீட்டுவார், தலையை ஆட்டுவார். ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள். கூடைக்காரிகள், "இன்னைக்கு எப்பிடிங்க செக்கரய்யா, மல்லியா முல்லையா?" என்று கேட்பார்கள். ஆத்மநாதன் முறைத்துவிட்டு, இறங்கி ஊருக்கு நடப்பார். இறங்குமுன் ஆண்டிச்சாமியின் கண்ணையும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. பார்த்ததை மட்டும் ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

ஊரும் முழுக்க நம்பவில்லை. செக்கரைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்றார்கள் சிலர். டாக்டருக்குக் கோழி கொடுத்திருப்பான் என்றார்கள் சிலர். ஆண்டிச்சாமியும் மாறவில்லை. கண்ணுசாமியிடம் மன்னிப்புக் கேட்டார், அவன் வாங்கித் தந்த டீயையும் குடித்தார். ஆனால் டப்பா இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. யாராவது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினால், தன்னைப் பற்றித்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறார். சந்தேகப்பட்டு ஒருவரை ஊதச் சொல்வது சுலபம். ஊதச் சொல்லப்பட்டவர் மனசிலிருந்து அந்த வாடை போவதில்லை.

முதல் வண்டி இன்னும் அவர் கையில்தான் ஓடுகிறது. நீங்கள் இலுப்பூர்ப் பக்கம் வந்தால் அதில் ஏறிப் பாருங்கள். வராவிட்டாலும் ஒரு உதவி செய்யுங்கள். விடிகாலையில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவன் என்ன பண்ணினானோ" என்று முணுமுணுக்கிற யாரையாவது பார்த்தால், ஆண்டிச்சாமியின் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவரையே ஒரு தடவை கையைக் குவித்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் நாலு பேருக்குச் சொல்வார்.